அக்காவின் கொடிக்காலுக்கு ஒரு நாள்

ஓசூர் பஸ் என்னைச் சமயநல்லூரில் இறக்கிவிட்டபோது காலை ஆறு பத்து. சோழவந்தானுக்கு அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். டவுன் பஸ்ஸில் போவதாகத்தான் திட்டம். ஆனால் சாலையோரம் மொபெட்டில் சாய்ந்து நின்ற ஒருவர் என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“செல்வந்தானே? நான் அழகரு. ஒங்க அக்கா வீட்டுக்காரன்.”

ஏழு வருஷமாக அவர் என் அக்காவின் கணவர். நான் பார்ப்பது அதுதான் முதல் முறை.

அம்மா இறந்தபின் மில் வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவள் வசந்தா அக்கா. கணவரை இழந்து, நாற்பத்தோரு வயதில் மறுமணம் செய்யப்போவதாகச் சொன்னபோது, ‘ஊர் என்ன பேசும்?’ என்றுதான் கேட்டேன். பதிவு அலுவலகத்துக்கு நீ மட்டும் வந்தால் போதும் என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று காலை போனை அணைத்துவைத்தேன். அப்புறம் வெட்கத்திலேயே வருஷங்கள் போயின. போன வாரம் ‘வரட்டுமா?’ என்று செய்தி அனுப்பினேன். ‘வாடா’ என்று பதில் வந்தது.

6.40. தேனூரில் டீ குடிக்க நிறுத்தினார். பன்னிரண்டு ரூபாய் டீ, நல்ல திடம்.

“அன்னைக்கு நான் வந்திருக்கணும்ணே,” என்றேன்.

“வந்திருக்கணும்தான். பதினோரு மணி வரைக்கும் வாசல்லயே நின்னா. கடைசியில பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மா வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுச்சு.” டம்ளரை வைத்தார். “ஏறுங்க மாப்ள. வெயிலுக்கு முன்ன வெத்தல கிள்ளணும்.”

அந்த ‘மாப்ள’வைப் பெற நான் எதுவுமே செய்திருக்கவில்லை. வழியெல்லாம் வயலும் தென்னையுமாக இருந்தது. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன்.

7.15. கொடிக்காலுக்குள் அகத்தி மரங்களைப் பற்றி வெற்றிலைக் கொடிகள் ஏறியிருந்தன. உள்ளே நிழலும் ஈரமுமாகக் குளிர்ந்தது. அக்காவுக்கு முன்முடி நரைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மெலிஞ்சுட்ட. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா,” என்று ஒரு கூடையைக் கையில் திணித்தாள்.

பத்து மணிவரை கிள்ளினோம். “காம்போட கிள்ளுடா” என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

மதியம் அயிரை மீன் குழம்பு. முதல் கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

“அக்கா, அன்னைக்குப் போனை நான்தான் அணைச்சு வச்சேன்.”

“தெரியும். உனக்கு என்ன ஆச்சோன்னு மறுநாள் உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். மீட்டிங்ல இருக்காருன்னாங்க. அப்பத்தான் நெஞ்சு வெந்துச்சு. இப்பவும் முழுசா ஆறல.”

“பெறகு எதுக்கு வரச்சொன்ன?”

“ஆறட்டும்னு இருந்தா நம்ம ரெண்டு பேருக்கும் வயசுதான் ஆகும். சாப்பிடு.”

பேச்சின் தொடக்கத்திலேயே எழுந்துபோன அழகர் இப்போதுதான் தண்ணீர்ச் செம்பை நிரப்பிக் கொண்டுவந்தார். அவ்வளவு நேரம் அவர் வெளியிலேயே நின்றது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளத்தான் என்று பிறகு புரிந்தது.

மாலை 4.30. பஸ் ஏற்றிவிட இருவருமே வந்தார்கள். நிறுத்தத்தில் தெரிந்த ஒருத்தி, யாரிது என்று கேட்டாள்.

“என் தம்பி. ஓசூர்ல இருக்கான்,” என்றாள் அக்கா. நேற்றுவரை வந்துபோய்க்கொண்டிருந்தவனைச் சொல்வதுபோல் சொன்னாள்.

ஓசூரில் என் வீட்டுச் சுவரில் அக்காவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. விசாரிப்பவர்களிடம் எனக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். இங்கோ, ஏழு வருஷமாக நான் அவளுக்குத் தம்பியாகவே இருந்திருக்கிறேன்.