இரண்டு டிவிஷனுக்கு நடுவில் ஒரு கூரை

‘ஒரே ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளைத் தீர்வு என்று சொல்ல முடியாது.’

பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வின் இரண்டாம் வரைவில், வரைபடத்தின் வலது ஓரத்தில், என் மேற்பார்வையாளர் பச்சை மையில் மலாயில் எழுதிய குறிப்பு இது. கீழே ‘ஆறாம் வாரம், திங்கள்’ என்றிருக்கிறது. ஆண்டு இல்லை. விரிவுரையாளர்கள் வாரக் கணக்கில் வாழ்கிறவர்கள். பருவம் முடிந்ததும் அவர்களுக்கு உலகம் மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்கிவிடும். ஆண்டை நான்தான் பென்சிலால் எழுதிச் சேர்த்தேன்.

நான் படித்தது புவியியலும் நகரவியலும். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இதை விளக்குவது அந்தப் பட்டத்தை வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. டாக்டர் இல்லை, வக்கீல் இல்லை, ஆசிரியராக வருவதும் நிச்சயமில்லை என்று தெரிந்ததும், கேட்டவர்கள் அனுதாபத்தோடு பேச்சை மாற்றினார்கள். என் அக்கா மட்டும் மாற்றவில்லை.

“போன்லயே மேப் இருக்குடா. நீ எதுக்கு மூணு வருஷம் படிக்கிற?”

“அந்த மேப்ப யாராச்சும் போடணும்லக்கா.”

“அதான் போட்டுட்டாங்களே லா. முடிஞ்ச வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களா?”

அக்கா குருணில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஊழியர். அவருக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. காலை ஷிஃப்டுக்கு விடியும் முன்பே பெரிய சாலையோரம் போய்க் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். மழையில் நனைந்தால் இழுக்கும், இழுத்தால் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுக்க வேண்டும். எம்.சி. இன்னும் ஒன்று கூடினால் ஆண்டு முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சந்தேகம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். குடை இருக்கிறதே என்று கேட்கலாம். லாரிகள் ஓடும் பெரிய சாலையில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை.

ஆக, என் ஆய்வுக்குத் தலைப்பு வீட்டுக்குள்ளேயே இருந்தது: பேருந்து நிழற்குடை ஒன்றுக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தல். அறிக்கையில் இதற்கு மிக நீளமான ஒரு பெயர் வைத்தேன்.

இடத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். திகாம் பத்து என்ற ஊரைத் தாண்டி, குருணுக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தாமான். முன்பு அது மேல், கீழ் என்று இரண்டு டிவிஷன்களாகப் பிரித்திருந்த ரப்பர் தோட்டம். தோட்டம் விற்கப்பட்டபோது தொழிலாளர்களுக்கு அதே நிலத்தின் ஒரு துண்டில் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். வடக்குப் பக்க வரிசைகள் மேல் டிவிஷன்காரர்களுக்கு, தெற்குப் பக்கம் எங்களைப் போன்ற கீழ் டிவிஷன்காரர்களுக்கு. தாமானுக்குப் பெயர்ப்பலகை ஒன்றுதான். ஆனால் சாலைக்குத் திறக்கும் வாசல்கள் இரண்டு.

தோட்டக் காலத்தில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் தனித்தனியாகப் பெரட்டு உண்டு. காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து விடுவதற்காக ஆட்கள் வரிசையில் நிற்கும் இடம் அது. ஒரு டிவிஷன் ஆள் மற்ற டிவிஷன் பெரட்டில் போய் நிற்பதில்லை. மரங்களை வெட்டி, லய வீடுகளை இடித்து, மண்ணைப் புரட்டிப் போட்டும் இந்தப் பழக்கம் மட்டும் வேரோடு வரவில்லை. பெரட்டே பார்த்திராத என் வயதுப் பிள்ளைகளும் கம்பெனி பஸ்ஸுக்கு அப்படியே நின்றார்கள்: மேல் டிவிஷன் வடக்கு வாசலில், கீழ் டிவிஷன் தெற்கு வாசலில். கூப்பிடு தூரத்தில் இரண்டு கூட்டங்கள். பஸ் இரண்டு முறை நின்றது. கூரை இரண்டு இடத்திலும் இல்லை.

கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் நிற்கும் இடத்தையும் குறித்தேன். வரைபடத்தில் புள்ளிகள் இரண்டு கொத்துகளாக விழுந்தன. இடையில் ஒரு புள்ளிகூட இல்லை. எனவே சின்னதாக இரண்டு கூரை போடலாம் என்று எழுதினேன். அதற்குக் கிடைத்த பதில்தான் பச்சை மை.

மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. நகராண்மைக் கழகத்தில் அவருக்குத் தெரிந்த ஓர் அதிகாரி இருந்தார். மாணவர் ஆய்வு ஒன்று நிஜமாகவே கட்டி முடிக்கப்பட்டால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தார். அதிகாரியின் கையில் ஒரு நிழற்குடைக்குத்தான் ஒதுக்கீடு இருந்தது. எங்கே என்பதைக் குடியிருப்பாளர்களே முடிவு செய்யட்டும் என்று இருவரும் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூஜை முடிந்தபின், கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம்.

இரண்டு டிவிஷனும் வந்து மண்டபத்தின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்தன. நான் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன்.

“தம்பி, அந்தச் செவப்பு புள்ளியெல்லாம் யாரு?” என்றார் மேல் டிவிஷன் பெரியவர் ஒருவர்.

“கீழ் டிவிஷன்காரங்க மாமா.”

“செவப்பா போட்டா அவங்க ஜாஸ்தியா இருக்கிற மாதிரி தெரியுதே. எங்களுக்கு ஏன் மஞ்சள்?”

நிறத்தை மாற்றுவதாக வாக்களித்தேன். அதன்பின் பேச்சு கூரைக்கு வந்தது. வடக்கு வாசலில் போடலாம் என்றதும் தெற்கு எழுந்தது. தெற்கு என்றதும் வடக்கு எழுந்தது.

“அங்க போட்டா நாங்க போய் அவங்க வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?”

“நீ நிக்க வேணாம் லா. மழையில நனை. உன்ன யாரு கூப்பிட்டா?”

“நனைஞ்சாலும் நனைவோம், அங்க வர மாட்டோம்!”

அக்கா பின்வரிசையிலிருந்து, “எங்கயாச்சும் ஒரு இடத்துல போடுங்களேன், புண்ணியமா போகும்” என்றார். அவருடைய சொந்தத் தரப்பே அவரைத் திரும்பிப் பார்த்து முறைத்தது.

கடைசியில் கீழ் டிவிஷன் அண்ணன் ஒருவர் தீர்ப்பு சொன்னார். “சரியா நடுவுல போடுங்க. அவங்களுக்கும் இல்ல, நமக்கும் இல்ல.” மண்டபம் முழுக்கக் கை தட்டியது. இரண்டு டிவிஷனும் ஒன்றாகக் கை தட்டி அன்றுதான் பார்த்தேன். நடுவில் யாரும் நிற்பதில்லை என்று நான் வரைபடத்தைக் காட்டினேன். “அதனாலதான் தம்பி அது பொது” என்றார்கள். அதிகாரி ஒருமித்த முடிவைப் பாராட்டி, எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். மேற்பார்வையாளருக்கு அவர் கேட்ட ஒற்றைப் புள்ளி கிடைத்தது. ‘சமூகப் பங்கேற்பு’ என்ற பகுதிக்கு என் அறிக்கை நல்ல மதிப்பெண் வாங்கியது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கூரை எழுந்தது. நீல நிறத் தகரம், வரிசையாக இரும்பு இருக்கைகள். ரிப்பன் வெட்டினார்கள், பலகாரம் கொடுத்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலை மேல் டிவிஷன் வடக்கு வாசலிலும் கீழ் டிவிஷன் தெற்கு வாசலிலும் நின்றன. நடுவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் புதிய கூரையின் கீழ் வண்டியை நிறுத்தி மழைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் என் கணக்கெடுப்பில் இல்லாதவர்.

முதல் கனமழையன்று அக்கா துணிந்து கூரையில் போய் நின்றார். தெற்கிலிருந்து வந்த பஸ் கீழ் டிவிஷனை ஏற்றிக்கொண்டு, அக்காவைத் தாண்டி, நேராக வடக்கு வாசலில் போய் நின்றது. அக்கா மழையில் பின்னாலேயே ஓடினார். ஏற வரிசையில் நின்ற மேல் டிவிஷன் பெண்கள் சிரித்தார்கள்.

“என்ன தங்கச்சி, எங்க பக்கம் வந்துட்ட? விசா இருக்கா?”

மூச்சு வாங்க ஏறிய அக்கா டிரைவரிடம், “அண்ணே, பாத்துக்கிட்டேதானே போனீங்க!” என்று சத்தம் போட்டிருக்கிறார்.

“எனக்கு இங்க ரெண்டு ஸ்டாப்புதான்மா. மூணாவதா நிப்பாட்டுனா லேட்டாயிரும், கம்பெனி என்னத்தான் கேக்கும். எல்லாரும் கூரைக்கு வாங்க, அங்க மட்டும் நிப்பாட்டுறேன்.”

அன்று இரவு அக்காவுக்கு இழுப்பு. மறுநாள் எம்.சி. எடுக்காமல் மருந்தை உறிஞ்சிக்கொண்டே வேலைக்குப் போனார். அவரால் தாங்க முடியாத அடுத்த மழை எப்போது வரும் என்பதுதான் வீட்டில் பேச்சு. பருவநிலை எனக்குப் பாடமாக இருந்தது என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. பழக்கங்களை மாற்றும் வழிமுறைகள் பற்றி நூலகத்தில் நான் படித்தவற்றில் விளம்பரத் தட்டி, விழிப்புணர்வு, ஊக்கப்பரிசு எல்லாம் இருந்தன. அக்கா அவற்றில் எதையும் படித்தவரல்ல. அந்த வாரக் கடைசியில் அவர் தம் கீழ் டிவிஷன் தோழிகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“திங்கக்கிழமையிலேருந்து மேல் டிவிஷன்காரங்க கூரைய அவங்களுக்குன்னு புடிச்சுக்கப் போறாங்களாமே?”

திங்கட்கிழமை மழை இல்லை. ஆனாலும் தெற்கு வாசல் காலியாக இருந்தது. கீழ் டிவிஷன் முழுவதும் கூரையின் தெற்கு முனையில் நின்றது. வடக்கு முனையில் மேல் டிவிஷன் முழுவதும் நின்றது. அவர்கள் இன்னும் முன்னதாகவே வந்திருந்தார்கள். நடுவிலிருந்த இருக்கைகளில் யாரும் உட்காரவில்லை. அக்கா போய் உட்கார்ந்தார். சொன்ன சொல் தவறாமல் பஸ் அங்கே ஒரு முறை மட்டும் நின்றது. மழைக்காலம் முழுவதும் அப்படியே நடந்தது. அக்கா அதன்பின் எம்.சி. எடுக்கவில்லை; ஆண்டு முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இப்போதும் இரண்டு டிவிஷனும் கூரையின் இரண்டு முனைகளில்தான் நிற்கின்றன. பழைய புள்ளிகளுக்குப் பதிலாகப் புதிய புள்ளிகளைக் குறித்தேன். என் வரைபடத்தின் அளவில் அவை ஒன்றாகவே தெரிகின்றன.

ஒன்றை மட்டும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை. அக்கா அந்தக் கதையைத் தம் டிவிஷனில் மட்டுமே சொன்னதாக அடித்துச் சொல்கிறார். மேல் டிவிஷனில் யாரிடமும் அவர் பேசவே இல்லை. ஆனால் கீழ் டிவிஷன்காரர்கள் கூரையைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி அதே வாரக் கடைசியில் வடக்கு வரிசைகளிலும் சுற்றியிருக்கிறது. பலரைக் கேட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் கேட்டதாகச் சொன்னார்கள். பஸ் டிரைவரையும் கேட்டேன்; அவர் சிரித்துவிட்டு பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்தார். அங்கே அதை முதலில் சொன்னது யார் என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை.