விறகுக் கொட்டகையில் போட்ட காளான்

அந்த ஜூலை மழையில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாலே பூஞ்சை வாடைதான். என் வீட்டுக்காரருடைய பெல்ட், என் கல்யாணச் செருப்பு, சுவரில் மாட்டிய காலண்டர்... எல்லாவற்றிலும் சாம்பல் பூத்திருந்தது.

வேண்டாத இடத்தில் பூஞ்சை தானாக வளர்ந்தது. அதே இனத்துக் காளானை நான் வளர்த்த இடத்தில்தான் அத்தனை பாடு!

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் குவார்ட்டர்ஸ். அவர் ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். நான் பி.எஸ்ஸி. பாட்டனி முடித்த புதுப்பெண். "பாட்டனி படிச்சு என்ன கண்ணு பண்ணப் போறே?" என்று கல்யாணத்தன்றே கேட்டார் மேட்டுப்பாளையத்தில் இருந்த அவருடைய அக்கா. அது மனதில் முள்ளாக நின்றது. விறகுக் கொட்டகையைக் காலி செய்து, மரத்தட்டுகளில் கம்போஸ்ட் நிரப்பி, பட்டன் காளான் போட்டேன்.

காளான் விதை என்று பாட்டிலில் வந்தது, வெள்ளை நூல் படர்ந்த சோளம்.

"இது ஊசிப்போன சோளந்தானே அம்மிணி?" என்றார் அவர்.

"அந்த நூல்தானுங்க காளானோட உடம்பு. வேரு, இலை ஒண்ணும் கிடையாது. நூலு உள்ளாற படர்ந்து, கம்போஸ்ட்டைத் தின்னு வளரும். நாம பறிக்கறது அதோட பழம் மாதிரி. தயவுசெஞ்சு கிளறாதீங்க."

தலையாட்டினார். மறுநாள் காலையில் விரலை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்... "முளைச்சிருக்கான்னு பாத்தேன்."

அவர் விரல் போட்ட ஓட்டையை மெதுவாக மூடி வைத்தேன்.

ஒருநாள் ஓர் ஓரத்தில் பச்சையாகத் திட்டு விழுந்தது. வேறொரு பூஞ்சை. ஈரத்துணி போட்டு மூடி, மெதுவாக வெட்டி எடுக்கலாம் என்று துணி நனைக்கப் போனேன். திரும்பி வந்தால் கையில் விளக்குமாறோடு நிற்கிறார்.

"சுத்தமா கூட்டி உட்டுட்டேன். இனி பச்சை வராது!"

"ஐயோ, அந்தப் பச்சைத் தூள் ஒவ்வொண்ணும் ஒரு வித்துங்க! கொட்டகை பூராத்துக்கும் நீங்களே வெதச்சிட்டீங்க."

ஒரே வாரத்தில் கொட்டகை முழுக்கப் பச்சை. அழுதுகொண்டே அள்ளிக் குழியில் போட்டேன். மூலையில் இருந்த ஒரே ஒரு தட்டு மட்டும் தப்பியது. அதில் குண்டூசித் தலை மாதிரி கிளம்பி, கோலிக்குண்டாகி, வெள்ளை வெளேரென்று பட்டன் காளான் திரண்டபோது எனக்குப் போன உயிர் வந்தது.

பறிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா ஞாயித்துக்கெழம வருதல்ல. அது வந்து பாக்கட்டும். அதுக்குள்ள இன்னும் பெருசாகும்."

"பெருசாகாதுங்க, விரிஞ்சிரும்!"

கேட்டால்தானே?

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் குடையாக விரிந்து நின்றன. அடியில் மடிப்பு மடிப்பாகக் கருத்து, கீழே காப்பித்தூள் சிந்தியதுபோல் வித்து கொட்டிக் கிடந்தது. அக்கா குனிந்து பார்த்தார். "கெட்டுப்போச்சா கண்ணு?"

"நீங்க வந்து பாக்கோணும்னு உங்க தம்பிதான் பறிக்க உடலைங்க" என்றேன். அப்படியே பறித்து, மிளகு தட்டிப் போட்டு வறுத்தேன். கருகருவென்று இருந்தது. அக்கா தயங்கித் தயங்கி ஒரு வாய் வைத்தார். பிறகு தட்டை வழித்துத் தின்றார். கிளம்பும்போது மிச்சத்தைத் தூக்குப்போசியில் கேட்டு வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவை போட்டா இவனை உள்ளாற உடாத" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கோயமுத்தூரில் ஃபிளாட். காளான் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது, ஒன்றுபோல் ஒன்று, விரியாமல். மூன்று நாளானாலும் மறந்துபோய் ஃபிரிட்ஜிலேயே கிடக்கிறது.

என்றைக்காவது சமைத்து வைத்தால் அவர் ஒரு வாய் தின்றுவிட்டுச் சொல்வார்: "அன்னைக்கு விரிஞ்சதுல இருந்த ருசி இதுல இல்லையே அம்மிணி. நான் பொறுத்திருக்கச் சொன்னதாலதான் அந்த ருசி."

முப்பது வருஷமாகியும் இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்!