நரைமுடி கட்டிய இருநூறு டஜன் ஈ

அந்த சாம்பிள் வந்த அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: முதலாளி மாணிக்கம் சார், செல்வி அக்கா, ஈ கட்டும் மற்ற பதினொரு பெண்கள், செக்கிங் பார்க்கும் நான். இல்லாதவர்: ட்ரவுட் மீனைக் கண்ணால் பார்த்த ஒருவர். அப்படி ஒருவர் எங்கள் ஷெட்டில் எப்போதுமே இருந்ததில்லை.

இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் பனிமலைகளுக்கு நடுவே ஓடைகளும் ஏரிகளும் இருக்கின்றன. அங்கே ட்ரவுட் பிடிக்கிறவர்கள் தூண்டிலில் புழு மாட்டுவதில்லை. சிறிய முள்ளில் இறகும் முடியும் நூலும் சுற்றி, பூச்சி போலச் செய்து, தண்ணீர் மேல் வீசுகிறார்கள். அவர்கள் அதை ஃப்ளை என்பார்கள். நாங்கள் ஈ என்போம். வேங்கிக்கால் பக்கம் ஒரு தகர ஷெட்டில் உட்கார்ந்து அந்த ஈக்களைக் கட்டி ஏற்றுமதி செய்தோம். தொண்ணூறுகளின் நடுவில்.

ஷெட்டில் ஃபேன் கிடையாது. போட்டால் இறகு பறக்கும். ஜன்னலும் திறக்க மாட்டோம். பன்னிரண்டு பேர் வைஸ் என்ற சிறு இடுக்கியில் முள்ளைப் பிடித்து வைத்து நூல் சுற்றும்போது காற்று அசையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பிள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. விலங்கியல். ஆர்டர் பேப்பரை இங்கிலீஷில் படித்துச் சொல்வதும் என் வேலைதான். ஆனால் ஷெட்டில் பேப்பருக்கு மரியாதை கம்மி. ஒருமுறை பேப்பரில் ‘பிரவுன்’ என்று இருந்ததை நம்பிக் கட்டி, சரக்கு முழுவதும் ரிஜெக்ட் ஆனது. அதிலிருந்து மாணிக்கம் சார் சொல்வார்: “பேப்பர் எழுதறவன் ஆபீஸ்ல உக்காந்துனு எழுதறான். சாம்பிளு தண்ணிக்குப் போயி வந்தது. நமக்கு சாம்பிள்தான்டா சாமி.”

அந்த சாம்பிள் ஒரு தீப்பெட்டியில், பஞ்சுக்குள் வந்தது. ஒரே ஒரு ஈ. பழசு. சிறகு நரைத்த நிறத்தில் இருந்தது. இருநூறு டஜன் வேண்டும்.

செல்வி அக்கா எங்களில் கை தேர்ந்தவர். சிறகை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்தார். உடனே தீப்பெட்டியில் போட்டுவிட்டார்.

“சார், இது மனுசன் முடி.”

“பேப்பர்ல இன்னா போட்ருக்குது?” என்று சார் என்னைக் கேட்டார்.

இரண்டாம் பக்கத்தில் ‘வெள்ளாட்டு முடி’ என்று இருந்தது. நான் கைலென்ஸை எடுத்தேன். ஸ்டாக்கில் இருந்த ஆட்டு முடியோடு சிறகை வைத்துப் பார்த்தேன். வேறாக இருந்தது. என் தலையில் ஒன்றைப் பிடுங்கி வைத்துப் பார்த்தேன். ஒன்றாக இருந்தது.

“பேப்பர் தப்பு சார். அக்கா சொல்றதுதான் கரெக்ட்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“அப்ப மனுச முடியே கட்டு. இந்த மாசம் வேற ஆர்டரே இல்ல. இது பாஸாவலன்னா பொங்கலோட ஷெட்ட பூட்டிட வேண்டியதுதான்.”

பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அடி அண்ணாமலையில் தெரிந்த சவரக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். வேண்டுதலுக்கு மொட்டை போடுகிறவர்கள் அவரிடம் வருவார்கள். அன்று காலையில் எடுத்த ஒரு நீள நரைமுடிக் கற்றையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். எட்டு ரூபாய்.

“நேந்துக்கினு எடுத்த முடிய முள்ளுல சுத்தறதா?” என்றார் செல்வி அக்கா.

“முடின்னா முடிதான் அக்கா.”

“நீ படிச்சவன். சொல்ற. நான் சுத்தறேன்.”

தொட்டி

புதுச் சரக்கை அனுப்புமுன் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தோம். ஐந்து நிமிஷம் மிதந்தால் பாஸ்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு டஜனைத் தொட்டியில் போட்டேன். ஒரு நிமிஷம் மிதந்தன. பிறகு பன்னிரண்டும் ஒன்றாக உள்ளே இறங்கின. அடிக்குப் போகவில்லை. ஒரு சாண் ஆழத்தில் நின்றன. நின்ற இடத்திலேயே மெதுவாக வட்டமடித்தன, எல்லாம் ஒரே பக்கமாக. நான் தொட்டியைத் தொடவில்லை. மேஜையைத் தொடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

இது ஃபெயில். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. தீப்பெட்டியைத் திறந்து சாம்பிளையும் போட்டேன். அதுவும் இறங்கியது. அதே ஆழத்தில் நின்றது. மற்றவற்றோடு சேர்ந்து சுற்றியது.

சாம்பிள் என்ன செய்கிறதோ அதையே சரக்கும் செய்கிறது. செக்கிங் புத்தகத்தில் ‘ஓகே’ என்று எழுதினேன்.

“தண்ணில போட்டுட்டியா?”

வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். மொட்டைத் தலை, காய்ந்த சந்தனம். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

“யாரும்மா நீங்க?”

“என் முடிய ஈ செய்யறவங்க வாங்கினு போனாங்கன்னு கடைக்காரரு சொன்னாரு.” அவர் உள்ளே வரவில்லை. கண் மட்டும் தொட்டியில் இருந்தது. “என் புள்ள ஏரியில குளிக்கப் போனான். மூணு வருசமாவுது. ஆளு கெடைக்கல. கெடைக்கிற வரைக்கும் முடி எடுக்க மாட்டேன்னு இருந்தேன். வீட்டுல போதும்னு சொல்லிட்டாங்க. சாமிக்குனு எடுத்தேன். தண்ணிக்குனு எடுக்கல.”

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. பொங்கலும் பூட்டும் நினைவுக்கு வந்தன. செக்கிங் புத்தகத்தை மூடி வைத்தேன்.

“இது எங்க போவுது?” என்றார்.

“வெளிநாடும்மா. மலை மேல ஏரி.”

“ஆழமா?”

“ஆழம்தான்.”

தொட்டியில் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, அப்ப போவட்டும்” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

கடிதம்

ஆறு வாரம் கழித்து ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடமிருந்து கடிதம் வந்தது. பெண்கள் எல்லோரும் சுற்றி நிற்க, நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

ஈ மிதக்கவில்லை. மூழ்கவும் இல்லை. ஒரு சாண் ஆழத்தில் நின்று வட்டமடிக்கிறது. ட்ரவுட் கூட்டமாகப் பின்னாலேயே வருகின்றன, கரைவரை வருகின்றன, ஒன்றும் கடிப்பதில்லை. இப்படி அந்த ஏரியில் யாரும் பார்த்ததில்லை. மூன்று டஜன் வீசிப் பார்த்தோம். நூல் அறுந்து மூன்று டஜனும் போய்விட்டது. மீதியைத் திருப்பி அனுப்புகிறோம். இரண்டாம் பக்கத்தில் வெள்ளாட்டு முடி என்று தெளிவாக எழுதியிருந்தோமே? சாம்பிளை அளவுக்காக மட்டுமே அனுப்பினோம். அது ஒருவர் தன் இறந்துபோன மனைவியின் முடியில் கட்டி வைத்திருந்த ஈ. அவர் அதை ஒருநாளும் தண்ணீரில் போட்டதில்லை.

செல்வி அக்கா தொங்கிக்கொண்டிருந்த பின்னலை எடுத்து இறுக்கிக் கொண்டை போட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போட்டார்கள்.

பேப்பர் தப்பு என்று சொன்னவன் நான்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். மாணிக்கம் சார் திட்டுவார் என்று பார்த்தேன்.

“தொட்டியில சுத்துச்சுன்னு எங்கிட்ட ஏன்டா சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

“சாம்பிளும் சுத்துச்சு சார்.”

அவர் பதில் எழுதப் பேப்பரை எடுக்கச் சொன்னார்.

இருநூறு டஜனையும் எங்கள் செலவில் வெள்ளாட்டு முடியில் மறுபடி கட்டித் தருகிறோம் என்று எழுதினோம். பார்ட்டி ஒப்புக்கொண்டது. பெண்கள் ஆறு நாள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்தார்கள். புதுச் சரக்கு ஐந்து நிமிஷம் மிதந்தது. பொங்கலுக்கு ஷெட் பூட்டப்படவில்லை.

திரும்பி வந்த நூற்றுத் தொண்ணூற்றேழு டஜனிலிருந்தும் முடியை பிளேடால் நானே வெட்டி எடுத்தேன். வேறு யாரும் தொடவில்லை. வார்னிஷ் ஏறிய முள் மறுபடி உதவாது, புதைத்துவிட்டோம். முடியைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போய், விசாரித்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கையில் வைத்து எடை பார்த்தார்.

“கொஞ்சம் கம்மியா கீதே?”

“மூணு டஜன் அங்கயே ஏரியில தங்கிடுச்சும்மா.”

“சேதி வந்திச்சா?”

மகனைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்தது. “வரலம்மா” என்றேன்.

“வரும்” என்று கவரை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பேப்பரும் சாம்பிளும் வேறு வேறு சொன்னால் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள்; அனுப்பியவரைக் கேளுங்கள். தொட்டியில் கண்டதை, காரணம் தெரியாவிட்டாலும், கண்டபடியே புத்தகத்தில் எழுதுங்கள். நான் அன்று எழுதியது ‘ஓகே’. அந்த ஒரு வார்த்தைக்கு, முள், நூல், வார்னிஷ், விமானக் கூலி, பன்னிரண்டு பேரின் ஆறு நாள் சம்பளம், அந்த எட்டு ரூபாய், எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு ரூபாய்.