சாமி என்ன சொன்னது என்று கேட்காதவர்

மனநல ஆலோசகர் ஸ்ரீகுமாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய பயிற்சி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். அவரை எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எழுதுகிறேன்.

பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்தில். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், பெங்களூரில் படித்ததெல்லாம் இங்கிலீஷ். படித்து முடித்து ஊருக்குத் திரும்பி, பழவங்காடிப் பக்கம் ஒரு மாடியில் அவர் அறை எடுத்து உட்கார்ந்தபோது, தமிழ் தெரிந்தவர் என்று எங்கள் நாஞ்சில்நாட்டு ஆட்கள் அவரைத் தேடிப் போனார்கள். 1997இல் என் தங்கை கோமதியை அவளுடைய மாமியார் சிவகாமியம்மாள் அங்கே கூட்டிப்போனாள்.

கோமதிக்கு ஆண்டுக்கொரு முறை சாமி வரும். தோவாளைப் பக்கம் புகுந்த வீட்டாரின் இசக்கியம்மன் கோயிலில், கொடைத் திருவிழா அன்று. திருவனந்தபுரத்தில், கரமனையில் இருந்த மாமியார் வீட்டில் தலை நிமிராமல் கிடப்பவள் அன்றைக்கு முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாமியார் முன்னால் வந்து நிற்பாள்.

"ஏட்டி சிவகாமி, இவ பசியோட படுக்கா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒம் மவன் கை நீட்டுகான், நீ கதவடைச்சிட்டு இருக்க!"

"இனி நடக்காது தாயே" என்று கைகூப்புவாள் சிவகாமியம்மாள். கேட்பது அம்மன் அல்லவா? அதன்பிறகு சில மாதங்களுக்குக் கோமதிக்கு நேரத்துக்குச் சோறு கிடைக்கும், அடி விழாது.

ஸ்ரீகுமார் எல்லாவற்றையும் மாமியாரிடமே விசாரித்தார். எப்போதிலிருந்து வருகிறது, தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா. சாமி என்ன சொல்லும் என்று கோமதியிடம் கேட்கவில்லை. "இது அசுகம்தான் அம்மா, ஒரு வியாதி. பேடிக்காண்டாம், பயப்படாதீங்கோ. இனி கொடைக்குக் கூட்டிப் போகாதீங்கோ" என்றார். சிவகாமியம்மாளுக்கு அதுதானே வேண்டும்? அந்த ஆண்டு கோமதியை வீட்டில் பூட்டிவிட்டுக் கொடைக்குப் போனார்கள்.

எனக்கு அப்போது மலைப்பக்கம், வித்துராவில் வேலை. அவர்கள் திரும்பி வந்த அன்று ராத்திரி கோமதி போன் செய்தாள். "அண்ணே, எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நாள்தான். அதையும் புடுங்கிட்டாவ." அவளை அழைத்துவர மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். அதற்குள் கரமனையாற்றில் அவளைக் கண்டெடுத்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் ஸ்ரீகுமார் வந்தார். "அண்ணாச்சி, நான்..."

"அடுத்த கொடைக்கு வாங்க சார். அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாண்டாம்."

வந்தார். கூட்டத்தின் பின்னால் நிற்கப் பார்த்தவரைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினேன். அன்றைக்கு அந்த வீட்டு இளைய மருமகளுக்குச் சாமி வந்தது. "எம் பிள்ள கோமதி எங்கட்டீ?" என்று சிவகாமியம்மாளைப் பார்த்து அலறியது. கிழவி மண்ணில் விழுந்தாள். ஸ்ரீகுமார் என் பிடியை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு இதமாக இருந்தது.

அதன்பிறகு மாறினார். மாமியார்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு? எனக்குத் தெரியல்ல, சொல்லித் தாங்க" என்று வந்தவளிடமே கேட்பாராம். அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கு ஆறவில்லை, அவ்வளவுதான்.

2004இல் அவருடைய பயிற்சி வகுப்பில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். "பண்டு ஒரு ஆலோசகர், ஒரு பொண்ணைக் கொடைக்கு விடாம தடுத்தாரு" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். ஸ்வப்னா என்ற மாணவி, "யாரு சாரே அந்த மண்டன்?" என்றாள். மலையாளத்தில் மண்டன் என்றால் மடையன். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சொல்லுங்க சார். பிள்ளைங்க கேக்காவ இல்லியா?"

கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். பிறகு, "நான்தான்" என்றார். "அவ பேரு கோமதி."

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "போதுமா அண்ணாச்சி?"

"அடுத்த பாட்ச் எப்போ சார்?"

"ஜூன்ல."

"வாறேன்" என்றேன். அன்றிலிருந்து ஒரு பாட்ச்கூட விட்டதில்லை.