சூளை வாசலில் நாலாவது குரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் என் வலது மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம், காசு கேட்க மாட்டேன். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எரிந்து விழுகிற ஆள் நான். பெயர் துலுக்காணம். திருவள்ளூருக்குப் பக்கத்தில், காக்களூரில், ஒரு சின்ன பீங்கான் பட்டறையில் சூளைக்காரனாக இருந்தேன். வருஷம் 1969.

முதலாளி ராஜமாணிக்கத்தோடு சேர்த்து நாங்கள் ஐந்தே பேர். முனுசாமி சக்கரத்தில் உட்கார்ந்து ஊறுகாய் ஜாடி வனைவான். நிழலில் காய்ந்ததும் ஞானம்மா அதைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுப்பாள். என் மனைவி அங்காளம்மாள் சூளைக்குள் புகுந்து ஜாடிகளை அடுக்குவாள். ஒல்லி உடம்பு என்பதால் அந்த வேலை அவளுக்கு. முந்தின வருஷம் மண் அரைக்கிற மிஷின் அவளுடைய வலது சுண்டுவிரலில் பாதியைத் தின்றுவிட்டது. நான்தான் ஊரைக் கூட்டி அழுதேன். அவள் அழவில்லை.

"ஒம்போதரை விரலு போதும்யா, உன்ன அறையறதுக்கு" என்றாள்.

அவள் வாய்க்கு முன்னால் நான் எடுபட மாட்டேன். அவளை விட்டால் எனக்கு இந்த உலகத்தில் யாரும் கிடையாது.

அடுக்கி முடித்ததும் சூளை வாசலைச் செங்கல்லும் சேறும் வைத்து நான் அடைப்பேன். கடைசிக் கல்லை வைப்பதற்கு முன்னால் மூன்று பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "வெளிய கீறேன்" என்று ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எங்கள் பட்டறையில் வைத்திருந்த வழக்கம் அது.

ஆனி மாதச் சூளையில்தான் முதல் கோளாறு. மூன்று பேரைக் கூப்பிட்டேன். நான்கு பதில் வந்தது.

நாலாவது ஒரு பெண் குரல். மெதுவாக... "வெளிய கீறேன்..."

"யாருடி அது, என்ன மாதிரியே பேசறது?" என்று அங்காளம் சிரித்தாள். நானில்லை என்று ஞானம்மா பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். எதிரொலி என்றார் முதலாளி. சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் அடுத்த சூளை. சாயங்காலம் ஐந்து மணி. இரண்டு கையிலும் சேறு. கடைசிக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடியே கூப்பிட்டேன்.

"முனுசாமி!"

"வெளிய கீறேன்."

"ஞானம்மா!"

"வெளிய கீறேண்ணா."

"அங்காளம்!"

"வெளிய கீறேன்..."

முதுகுக்குப் பின்னாலிருந்து தெளிவாக வந்தது. கூப்பிட்டது மூன்று, பதிலும் மூன்று. இந்தத் தடவை கணக்கு சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாகக் கல்லை வைத்துப் பூசினேன்.

ஐந்தரைக்குச் சவுக்குக் கட்டையில் தீ மூட்டினேன். ஜாடியின் ஈரம் போக, முதலில் சின்னத் தீதான்.

5:40. உள்ளே 'டொக்' என்றது. ஏதோ ஜாடி விரிகிறது என்று நினைத்தேன்.

டொக்... டொக்... டொக்...

நின்றது. மறுபடியும் மூன்று. ஜாடி இப்படி எண்ணி எண்ணித் தட்டாது.

சுற்றிலும் பார்த்தேன். முனுசாமி இருந்தான். ஞானம்மா இருந்தாள். அங்காளம் இல்லை.

சுவரில் காதை வைத்தேன்.

"யோவ்... மூச்சு முட்டுதுய்யா... தொறய்யா..."

என் அங்காளத்தின் குரல். எனக்கு உயிரே போய்விட்டது. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வாசலில் பாய்ந்தேன்.

"டேய், அவ இங்கதான் எங்கியோ கீறா! நான் பாத்தேன்!" முதலாளி குறுக்கே விழுந்தார். அவரை எட்டி உதைத்தேன். முனுசாமி பின்னாலிருந்து கழுத்தை இறுக்கினான். முழங்கையால் அவன் வாயில் குத்தினேன். பல் உடைந்து, ரத்தம் என் தோளில் வழிந்தது. முதலாளி சவுக்குக் கட்டையால் என் முதுகில் போட்டார். ஒன்று... இரண்டு... மூன்று... வலி தெரியவில்லை.

மேல் கல் பெயர்ந்து விழுந்தது. புகை குப்பென்று அடித்தது. கண் தெரியவில்லை. கையை உள்ளே விட்டேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

நெருப்பாகச் சுட்டது. இறுக்கிப் பிடித்தது. இழுத்தேன்...

"இன்னாய்யா பண்ணிகினு கீற?"

பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல்.

திரும்பினேன்.

அங்காளம் நின்றாள். இடுப்பில் தண்ணீர்க் குடம். வலது கையில் ஈர மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

என் மணிக்கட்டை அந்தக் கை இன்னும் விடவில்லை.

"பேய்டா அது! உன் பொண்டாட்டி தோ கீறாடா!" முதலாளி கத்தினார். கட்டையை ஓட்டைக்குள் விட்டு இடித்தார். இடித்தார்... இடித்தார்...

உள்ளே எலும்பு முறிகிற சத்தம்.

பிடி விட்டது.

முனுசாமி கல்லைச் சொருகினான். வாயில் ரத்தத்தோடு சேற்றை அப்பினான்.

"தீய ஏத்துங்கடா!"

ஏற்றினார்கள்.

உள்ளே ஜாடிகள் நொறுங்கின. சுவரை அறைகிற சத்தம். என் பேரைச் சொல்லி ஓர் அலறல்...

6:10.

நின்றுவிட்டது.

அங்காளம் குடத்தை இறக்கவே இல்லை. தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் என்ன துணி என்று கேட்டேன். "சுட்டுக்கினேன்" என்றாள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

சூளை ஆற ஐந்து நாள் ஆனது. பிரித்தோம். எலும்பு, சாம்பல், எதுவும் இல்லை. முன்வரிசை ஜாடிகள் மட்டும் தூள்தூளாகக் கிடந்தன. வாசல் சுவரின் உட்புறத்துச் சேறு கல்லாக வெந்து போயிருந்தது. அதில் நீள நீளமாக நகக் கீறல்கள். பேய் போன இடத்தில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்தார் முதலாளி. நானும் விழுந்து கும்பிட்டேன்.

பிறகு தொட்டியில் கை கழுவும்போது, சுட்ட அன்றைக்கே மணிக்கட்டில் சுற்றிக் கட்டியிருந்த துணியை முதல் தடவையாக அவிழ்த்தேன். தோல் வெந்து, விரல் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. மூன்று தடம் முழுசாக இருந்தது.

நாலாவது, சுண்டுவிரல் தடம்... பாதிதான்.

வீட்டுக்கு ஓடினேன். அங்காளம் அடுப்படியில் எறா உரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணி பக்கத்தில் கிடந்தது. வலது கையில் சூடுபட்ட காயமே இல்லை. சுண்டுவிரல் நகத்தோடு முழுசாக இருந்தது.

"அங்காளம்... உன் விரலு..."

"எந்த விரலு?" என்றாள். "பத்தும் கீதே."

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. பட்டறையை மூடிவிட்டார்கள். போன விரல் வளர்ந்துவிட்டதென்று யாரிடம் போய்ச் சொல்வது? அவள் என்னோடுதான் இருக்கிறாள். நன்றாகச் சமைக்கிறாள். சண்டை போடுவதில்லை. அறைந்துவிடுவேன் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. ஒரு தடவை சொல்லமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

சில நேரம் தூக்கத்தில் அலறி எழுந்து, "அங்காளம்!" என்று கூப்பிடுவேன்.

அவள் என் பக்கத்திலேயே படுத்திருப்பாள். கண்ணைத் திறக்காமல் பதில் சொல்வாள்.

"வெளிய கீறேன்..."