டம்ளர் கழுவ அஞ்சாதவள்

பம்பு பழுது பார்க்கும் பட்டறையில் அவருக்கு மைக்ரோமீட்டர் என்று பட்டப்பெயர். மயிரிழை பிசகினாலும் கடைந்த இரும்பை மறுபடி லேத்தில் ஏற்றுவார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டு ஆடும் போக்கரிலும் அவர்தான் பெரிய கை. பந்தயம் காசில்லை, பழைய வாஷர்கள். முதலில் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகுபவர் எழுந்து டீ போட வேண்டும், இல்லையென்றால் டம்ளர் கழுவ வேண்டும். அதற்குச் சோம்பியே எவரும் கவிழ்ப்பதில்லை. குப்பைச் சீட்டோடும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை ஒருநாள் அண்ணனை அழைத்துப்போக வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வாராவாரம் டம்ளர் கழுவினாள். வாஷர்களையும் அள்ளினாள்.

“பெரிய கை இப்ப யாருப்பா?” என்று ஃபிட்டர் கண்ணடித்தார். மைக்ரோமீட்டருக்கு வயிறு எரிந்தது. குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டே வாஷரைக் குவித்து மிரட்டினார். ஃபிட்டர் ஒரு ஜோடி நாலை வைத்துக்கொண்டு, “என்னதான் வெச்சிருக்கீங்க, பாப்போமே” என்று பந்தயத்தை ஈடுகட்டி, அத்தனையையும் வாரிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். “உனக்கு மட்டும் எப்படிடி வருது?”

“அண்ணே, நீ யார்கிட்ட உதார் விடுற? பயந்து கவுக்கிறவங்ககிட்ட விடலாம். இவங்க டம்ளர் கழுவத்தான் பயப்படுறாங்க. சீட்டு சரியில்லன்னா பேசாம எந்திரிச்சுப் போ. நல்ல சீட்டு வந்தா பந்தயத்தை ஏத்திக் கேளு, அவங்களே குடுத்துடுவாங்க.”

என்ன மூளை இவளுக்கு என்று உள்ளூரப் பெருமைதான். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை குப்பைச் சீட்டு வந்தபோதெல்லாம் முதல் ஆளாகக் கவிழ்த்தார். டம்ளர்களை துளி சோப்புநுரை மிச்சமில்லாமல் கழுவினார். கடைசியில் மூன்று ராஜா சேர்ந்தது. கையிலிருந்த வாஷர் முழுவதையும் தள்ளினார். தங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவிழ்த்து எழுந்தாள். மற்றவர்கள் ஒருவர் விடாமல் வாஷரைப் போட்டார்கள், தோற்றார்கள்.

“அட! அப்படியே தங்கச்சி மாதிரி ஆடுறீங்களே!” என்றார் ஃபிட்டர்.

பட்டறையே சிரித்தது. குழாயடியில் தங்கையும் சிரித்தாள். மைக்ரோமீட்டர் ஜெயித்த வாஷர்களை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கினார். இத்தனை வாரத்தில் ஒருவனாவது, ‘அப்படியே அண்ணன் மாதிரி ஆடுறாளே’ என்று அவளைச் சொல்லியிருக்கிறானா?