காதர் பாய் கூட்டிப்போன டார்ஜீலிங்

அன்று காலை பத்து மணி இருக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் குன்னூர்ப் பக்கம் ஒரு காட்சிமுனைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவர்கள் வேலியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது காதர் பாயின் மகள் ஷாஹினா போன் செய்தாள். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க. காலையில தொழுதுட்டு வந்து படுத்தாங்க, எந்திரிக்கல" என்றாள். அவர் இறந்த செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது.

உடனே போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் "ஏத்துன ஆளை எறக்க வேண்டிய எடத்துல எறக்கு, அப்புறம் உன் கஷ்டத்தைப் பாரு" என்று நம் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொன்னவர் அவர்தான். அந்தக் குடும்பத்தை ஊட்டியில் அவர்கள் தங்கியிருந்த விடுதி வாசலில் இறக்கிவிட்டுத்தான் காந்தலில் பாய் வீட்டுக்குப் போனேன். அதற்குள் நீங்கள் பாதிப் பேர் அங்கே வந்திருந்தீர்கள்.

காதர் பாயைப் பற்றிச் சொல்ல உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். முப்பத்திரண்டு வருடம் ஜீப்பும் காரும் ஓட்டியவர். எனக்குச் சொல்லத் தெரிந்தது இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் போன டார்ஜீலிங் பயணத்தைப் பற்றித்தான். அதை மட்டும் எழுதுகிறேன்.

ஆடி மாத மழையில் ஒருநாள் சவாரியே இல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். "நாம எல்லாருக்கும் ஊர் சுத்திக் காட்டறோம். நமக்கு ஒருத்தன் சுத்திக் காட்டுனா எப்படி இருக்கும்?" என்று ஆரம்பித்தார். எந்த ஊர் என்றோம். டார்ஜீலிங் என்றார். சிவராஜ் சிரித்துவிட்டான். "அங்கயும் டீத்தோட்டம், அங்கயும் குட்டி ரயிலு, அங்கயும் குளிரு. மலையில இருந்து மலைக்குப் போறதுக்கு மூணு நாள் ரயிலுங்களா பாய்?"

"எல்லாம் இருக்கு சிவராஜு. ஆனா அங்க நாம யாருக்கும் டிரைவர் இல்ல" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வடக்கிலிருந்து வரும் பயணிகளிடம் தன் அரைகுறை இந்தியில் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். தீபாவளிக் கூட்டம் போன பிறகு நவம்பரில் நமக்குச் சவாரி குறைவு. அந்த ஊரில் பனிமலை தெளிவாகத் தெரிவதும் அந்த மாதத்தில்தான். நான்கு குடும்பம், எட்டுப் பேர். மனைவிமார் வராமல் பயணம் இல்லை என்பது ஒன்றுதான் அவர் வைத்த கட்டளை.

என் வீட்டில் அங்கேதான் சிக்கியது. என் மனைவி சரோஜா வரமாட்டேன் என்றாள். "உங்க கூட்டாளிங்களோட போயிட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். என்ன செய்வதென்று தெரியாமல் பாயிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். வற்புறுத்தவில்லை. டீ குடித்துவிட்டு, "தங்கச்சி, டார்ஜீலிங் கெடக்கட்டும். நீ பார்க்கணும்னு நெனச்ச எடம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

சரோஜா டீ டம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு, "தொட்டபெட்டா" என்றாள். "கல்யாணமாகி வந்து இருவத்தாறு வருஷம் ஆச்சுங்ணா. தினம் ரெண்டு தடவை இவரு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறாரு. நான் பார்த்ததில்ல. மூணு தடவை கேட்டேன். அப்புறம் கேக்கறதை விட்டுட்டேன்."

நான் தலை நிமிரவில்லை. அவள் கேட்டது எனக்கு நினைவிருந்தது. சீசன் முடியட்டும் என்று ஒருமுறையும், மழை விடட்டும் என்று ஒருமுறையும் சொன்னேன். மூன்றாவது முறை என்ன சொன்னேன் என்று நினைவில்லை. காதர் பாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "செவ்வாக்கெழம காலையில ரெடியா இரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரே வண்டி ஓட்டி வந்தார். பக்கத்தில் அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா. நானும் சரோஜாவும் பின்னால். எனக்குப் பழக்கமான சாலைதான், ஆனால் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. உச்சியில் தொலைநோக்கியின் வழியே சரோஜா வெகுநேரம் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "பார்க்கட்டும்ங்க. ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்காங்க" என்றார் பாய். அவள் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். இறங்கும்போது, "டார்ஜீலிங்குக்கு ஸ்வெட்டர் எத்தனை எடுத்துக்கணும்ங்ணா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு திட்டமே அவள் கைக்குப் போய்விட்டது. பாய் ஒரு நாளைக்கு ஏழு இடம் என்று எழுதி வைத்திருந்தார். நாம் பயணிகளுக்குப் போடுகிற அதே கணக்கு. "ஏழும் பார்த்தா ஒண்ணும் மனசுல நிக்காதுங்ணா. ரெண்டு போதும்" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் ஐந்தை அடித்துவிட்டார்.

நவம்பரில் போனோம். அந்த ஊர் டிரைவர் ஒருவன் வண்டி ஓட்ட, டார்ஜீலிங் மலை ஏறும்போது நாங்கள் நான்கு டிரைவர்களும் ஒவ்வொரு வளைவிலும் காலை அழுத்திக்கொண்டே போனோம். "காலை எடு பழனி. பிரேக்கு அவன்கிட்ட இருக்கு" என்று என் தொடையில் தட்டினார் பாய். வண்டி முழுக்கச் சிரிப்பு.

ஆனால் முதல் இரண்டு நாளும் மேகமூட்டம். பனிமலை இருக்கிற திசைகூடத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு உயரமான ஒரு இடத்துக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கடுத்த நாள் ஊர் திரும்ப வேண்டும். வண்டி வந்தது. அந்த ஊர் டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். காதர் பாய் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ கேட்டார். வேறொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஓட்டிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறான்.

"இன்னிக்குப் போகல" என்றார் பாய்.

சிவராஜுக்குக் கோபம். "இவ்வளவு தூரம் வந்துட்டுங்களா பாய்? வேற வண்டி பார்க்கலாமுங்க."

"வேற வண்டி பார்த்தா இவன் வேற சவாரிக்குப் போவான். இன்னிக்கு வாடகையை நாம குடுத்துட்டா இவன் நம்ம ஆளு, தூங்கட்டும். நம்ம கண்ணு இப்படிச் செவந்து கெடந்த அன்னிக்கு யாராச்சும் நம்மளைத் தூங்கச் சொல்லியிருக்காங்களா?"

சிவராஜ் ஸ்வெட்டரைக் கழற்றினான். பாய் அந்த டிரைவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தன் கட்டிலிலேயே படுக்க வைத்தார். எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். இருபத்தாறு வருடத்துக்குப் பதிலாக ஒரு மலையையாவது காட்டிவிடலாம் என்று வந்தேன், அதுவும் போனது என்று அறையில் உட்கார்ந்திருந்தேன்.

சரோஜாவும் நூர்ஜஹான் அக்காவும் பொழுது போகாமல் தெருவில் நடந்துவரப் போயிருந்தார்கள். பதினோரு மணிவாக்கில் சரோஜா மூச்சு வாங்க ஓடி வந்து கதவைத் தட்டினாள். "ஏனுங்க, வெளிய வாங்க. எல்லாரையும் கூப்புடுங்க." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேகம் விலகியிருந்தது. ஒரு மளிகைக்கடைக்கும் துணி காயப்போட்ட மாடிக்கும் நடுவே, வானத்தில் பாதி உயரத்துக்குப் பனிமலை நின்றது. மலை இவ்வளவு மேலே இருக்கும் என்று தெரியாமல் நான் முதலில் கீழே தேடினேன். "மேல பாருங்க" என்று அவள்தான் என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள்.

காதர் பாய் மலையைப் பார்க்கவில்லை. எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டுப் பேரும் இருக்கமா? எல்லாரும் பார்த்துட்டமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. நூர்ஜஹான் அக்கா இத்தாவில் இருக்கிறார், புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் வெளியே வருவதில்லை. சரோஜா தினமும் மாலையில் போய் அவருடன் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். போன வாரம் வந்தவள், இத்தா முடிந்ததும் இருவரும் கடல் பார்க்கப் போவதாகச் சொன்னாள். எந்தக் கடல் என்று இன்னும் முடிவாகவில்லையாம். ராமேசுவரமா கன்னியாகுமரியா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

எனக்குக் காதர் பாய் விட்டுப்போனது இதுதான். போக வேண்டிய இடத்தை வாய்விட்டுச் சொல்கிற ஒரு மனைவி. அதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு புருஷன். இந்த இரண்டுமே அவருக்கு முன் என் வீட்டில் இருந்ததில்லை.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"அக்காகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றாள் சரோஜா.